பான் சுன் பெயரையும் எழுதுங்கள்: சீன அரண்மனை எனாமல்களைக் காக்கும் அருங்காட்சியகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பாளர்களுக்கு,

வணக்கம். சீனத்தை ஆண்ட சிங் வம்சப் பேரரசர்களுக்காகச் செய்த எனாமல் பொருள்களைப் பெய்ஜிங், தைபேய், லண்டன், பாரிஸ் என்று பல ஊர்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காத்துவருகிறீர்கள். அவற்றைச் செய்த பான் சுன் போன்ற கைவினைஞர்களின் பெயரையும் குறிப்பில் எழுதுங்கள் என்று கேட்க, உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், இதை முதலில் படிக்க வேண்டியவர் என் அப்பா. அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு, மொழிபெயர்த்து உங்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பப் போகிறேன்.

அப்பா முப்பது வருஷம் சென்னையில் எனாமல் போர்டு செய்யும் பட்டறையில் உலை வேலை பார்த்தவர். கரண்டு கம்பத்தில் மண்டை ஓடும் இரண்டு எலும்பும் போட்டு ‘அபாயம்’ என்று ஒரு தகடு தொங்குமே, அது. வீட்டு எண் தகடுகள், தெருப்பெயர்ப் பலகைகள், அதெல்லாமும்தான். அவர் சுட்ட தகடுகள் நாற்பது வருஷ வெயிலிலும் மழையிலும் நிறம் மங்காமல் இன்னும் தொங்குகின்றன. வழியில் எங்காவது ஒன்றைப் பார்த்துவிட்டால் நின்று விரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் நகர்வார்.

போன வருஷம் வெளிநாட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்த ஊரில் உள்ள பெரிய அருங்காட்சியகத்துக்கு அப்பாவை அழைத்துப் போனேன். எந்த ஊர், எந்த அருங்காட்சியகம் என்பது இங்கே முக்கியமில்லை. சீனப் பொருள்கள் இருந்த அறையில் ஒரு சின்னக் கிண்ணத்தின் முன் அப்பா நின்றுவிட்டார். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. மஞ்சள் நிறத்தின் மேல் இளஞ்சிவப்பில் பெரிய பெரிய பியோனிப் பூக்கள். ஒவ்வொரு இதழும் ஓரத்தில் வெளுத்து, நடுவே அடர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று மடிந்து கிடந்தது. கிண்ணத்துக்குக் கீழே ஒரு கண்ணாடி வைத்திருந்தார்கள். அதில் அடிப்பக்கமும் அங்கே எழுதியிருந்த நான்கு எழுத்துகளும் தெரிந்தன. காங்ஷி பேரரசரின் ஆணைப்படி செய்தது என்று அதற்குப் பொருள்.

அப்பா பூவைப் பார்க்கவில்லை. குனிந்து அந்தக் கண்ணாடியில் அடிப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: “மேலே மட்டும் பூசிச் சுட்டா ஆறும்போது இழுத்துக்கும்மா. வெடிச்சுடும், இல்லைன்னா தகடு வளைஞ்சுடும். இவன் உள்ளே, வெளியே, அடியிலே, எல்லா இடத்துலயும் பூசியிருக்கான். தொழில் தெரிஞ்சவன்.”

விளிம்பில் ஓரிடத்தில் மிளகு அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. அதையும் காட்டினார். மேலே மஞ்சள், அதன் கீழே வெள்ளை, அதற்கும் கீழே கறுத்துப்போன செம்பு. மூன்று அடுக்கும் தனித்தனியாகத் தெரிந்தன. “யாரு செஞ்சது?” என்று கேட்டார்.

பெட்டியில் இருந்த குறிப்பைப் படித்தேன். பேரரசர் பெயர் இருந்தது. ஆட்சி ஆண்டுகள் இருந்தன. பெய்ஜிங் அரண்மனைப் பணிமனை, செம்பு, எனாமல் என்று இருந்தது. கடைசி வரியில் கிண்ணத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர் பெயரும் இருந்தது. செய்தவர் பெயர் இல்லை.

“போடலையா? சரி” என்று சொல்லிவிட்டு அப்பா அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, அவர் செய்த ஒரு தகட்டிலும் அவர் பெயர் இருந்ததில்லையே. எனக்குத்தான் அந்தச் ‘சரி’யை விழுங்க முடியவில்லை. ஊர் திரும்பிய பிறகு இந்த எனாமல்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படித்த பிறகுதான் கோபம் வந்தது. ஏனென்றால் அந்தப் பெயர்கள் தொலைந்துபோகவில்லை. எழுதி வைத்திருக்கிறார்கள்.

சீனத்தில் எனாமலுக்கு ஃபாலாங் என்று பெயர். ரோமையும் பிராங்கு நாட்டையும் குறித்த பழைய பெயரிலிருந்து வந்த சொல் அது என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். நாம் பரங்கி என்கிறோமே, அந்தப் பெயருக்கு உறவு. செம்பின்மேல் தீட்டிய எனாமலை அங்கே ‘வெளிநாட்டுப் பீங்கான்’ என்றும் அழைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பாட்டி கடைசிவரை எனாமல் தட்டைப் பீங்கான் தட்டு என்றுதான் சொன்னார்.

கம்பியை வளைத்து ஒட்டி, அதனால் உண்டான கட்டங்களுக்குள் நிறத்தை நிரப்பிச் சுடும் எனாமல் சீனத்தில் முன்பே இருந்தது. சிங் வம்சத்துக்கு முன் ஆண்ட மிங் வம்சக் காலத்திலேயே அதில் பெரிய பெரிய பாத்திரங்கள் செய்தார்கள். கம்பி இல்லாமல், தூரிகையால் ஓவியம்போல நேரடியாகத் தீட்டும் எனாமல்தான் அங்கே புதியது. அது ஐரோப்பாவில் வளர்ந்த கலை. பாதிரிமார் கொண்டுவந்த கடிகாரங்களிலும் சின்னப் படங்களிலும் அதைப் பார்த்த காங்ஷிக்கு ஆசை பிடித்துக்கொண்டது. வாங்கி வைத்துக்கொள்வது போதாது, தன் அரண்மனையிலேயே அதைச் செய்ய வேண்டும் என்று நினைத்தார்.

எவ்வளவு கடினமான வேலைக்கு அவர் ஆசைப்பட்டார் என்பதை உலைக்கு முன் நின்றவர்கள்தான் சரியாகச் சொல்ல முடியும். எனாமல் என்பது வேறொன்றுமில்லை, கண்ணாடிப் பொடி. செம்பைத் தட்டி மெல்லிய கிண்ணமாக எழுப்பி, உள்ளும் புறமும் வெள்ளை எனாமல் பூசிச் சுட வேண்டும். அந்த வெள்ளைதான் ஓவியனுக்குத் தாள். நிறப்பொடிகளை எண்ணெயில் குழைத்து அதன்மேல் தீட்டி மறுபடியும் உலையில் வைக்க வேண்டும். உலையின் சூடு 800 டிகிரியை ஒட்டி இருக்கும். உள்ளே இருப்பது சில நிமிடங்கள்தான். கொஞ்சம் கூடினால் பூவிதழ் ஓடிப்போய் இலையோடு கலந்துவிடும். கொஞ்சம் குறைந்தால் பொடி உருகாமல் சொரசொரவென்று நிற்கும். பூசும்போது இருக்கும் நிறம் வேறு, சுட்ட பிறகு வரும் நிறம் வேறு. எல்லா நிறமும் ஒரே சூட்டில் உருகவும் உருகாது. அதனால் ஒரு கிண்ணம் பலமுறை உலைக்குள் போய்வர வேண்டும். கடைசித் தடவையும் கெடாமல் வெளியே வந்தால்தான் கிண்ணம் தப்பியது. அப்பா இதைக் கேட்டுவிட்டு, தங்கள் பட்டறையில் நான்கு நிறத்துக்கு மேல் யாரும் துணியமாட்டார்கள் என்றார்.

முதலில் அரண்மனையில் செய்தவை சுமாராகத்தான் வந்தன. காங்ஷி காலத்துத் தொடக்கப் பொருள்களில் நிறம் கலங்கலாக, மேற்பரப்பில் ஊசிக்குத்துபோலச் சின்னச் சின்னக் குழிகளோடு இருப்பதை நீங்கள்தான் எங்களுக்குக் காட்டுகிறீர்கள். பேரரசர் தன்னிடமிருந்த ஐரோப்பிய ஓவியர்களை உட்காரவைத்து எனாமல் தீட்டச் சொன்னார். இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிப்பா இதை 1716ஆம் ஆண்டுக் கடிதத்தில் விவரமாக எழுதியிருக்கிறார். அவரும் ஜுசெப்பே காஸ்திலியோனேயும் இந்த வேலையைக் கற்றவர்கள் இல்லை. காலை முதல் மாலைவரை பட்டறையில் அடைந்து கிடப்பதற்கு அஞ்சி, கற்றுக்கொள்ளவே கூடாது என்று முடிவெடுத்து, வேண்டுமென்றே மோசமாகத் தீட்டினார்கள். பார்த்த பேரரசர் போதும் என்று அவர்களை விட்டுவிட்டார். இந்தக் கதையை உங்கள் நூல்களிலும் கட்டுரைகளிலும் நானே பல இடங்களில் படித்திருக்கிறேன். எனாமல் வேலையைத் தட்டிக்கழித்தவர்களின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது.

அதே 1716இல் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். தென் சீனத்தில் உள்ள குவாங்டோங் மாகாணத்தின் ஆளுநர் யாங் லின், பேரரசருக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறார். எனாமல் சுடத் தெரிந்த பான் சுன் என்பவரைத் தலைநகருக்கு அனுப்பிவைப்பதாக அதில் எழுதுகிறார். பான் சுன்னோடு இரண்டு சீடர்கள்: ஹுவாங் ருய்ஷிங், ருவான் ஜியாயூ. யாங் ஷிஜாங் என்று இன்னொருவரும் கிடைத்தார். சோதித்துப் பார்த்ததில் இவர் கைத்திறன் பான் சுன்னுக்கு அடுத்தபடிதான், ஆனாலும் அவருக்கு உதவியாக இருப்பார் என்று ஆளுநர் குறித்திருக்கிறார். அவர்களோடு அனுப்பிய பொருள்களில், இளஞ்சிவப்பு நிறத்துக்காகப் பான் சுன் தங்கத்தையும் செம்பையும் கலந்து தயாரித்த ஒன்றும் இருந்தது.

அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். அந்த இளஞ்சிவப்பு தங்கத்தால் வருவது. கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுணுகிய தங்கம் கண்ணாடிக்குள் கலந்து நிற்கும்போது மஞ்சளாகத் தெரியாது, ரோஜா நிறமாகத் தெரியும். நாங்கள் பார்த்த அந்தப் பியோனிப் பூக்கள் முழுக்கத் தங்கம். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. “தங்கத்தைப் போட்டு தங்கம்னு தெரியாம பண்ணியிருக்கான்” என்றார் கடைசியில்.

குவாங்டோங்கின் தலைநகரான குவாங்சோவிலிருந்து பெய்ஜிங் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வந்துசேர்ந்த கைகளால்தான் அரண்மனை உலை ஒரு நிலைக்கு வந்தது. 1719இல் பிரெஞ்சு எனாமல் கலைஞர் கிராவெரோவும் வந்துசேர்ந்தார். அதற்கு முன்பே, 1716இல், பக்கத்து மாகாணமான குவாங்ஷியின் ஆளுநர் சென் யுவான்லோங் பேரரசரிடமிருந்து சில எனாமல் பொருள்களைப் பரிசாகப் பெற்று நன்றிக் கடிதம் எழுதினார். இந்த வேலை வெளிநாட்டுச் சரக்கையே தாண்டிவிட்டது என்று வியந்தார். பேரரசர் தம் ஓயாத அலுவல்களுக்கு நடுவே இதன் நுட்பத்தைத் தாமே ஆராய்ந்து உணர்ந்து, நேரில் சொல்லிக்கொடுத்ததால் வந்த சிறப்பு என்று புகழ்ந்தார். அந்தக் காலத்து அதிகாரி அப்படித்தான் எழுத முடியும். உங்கள் குறிப்புகளும் ஏன் இன்னும் அந்த நன்றிக் கடிதம் போலவே இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

காங்ஷியின் மகன் யோங்செங் பேரரசரின் காலத்தில் பதிவேடுகள் இன்னும் விரிவாகிவிட்டன. என்ன செய்தார்கள், யார் உத்தரவு, யார் கையில் கொடுத்தார்கள், எப்போது திரும்ப வந்தது என்று பணிமனையில் நாள்வாரியாக எழுதி வைத்தார்கள். பேரரசரின் தம்பி இளவரசர் யீ மேற்பார்வை பார்த்தார். 1728இல் எழுதிய ஒரு பதிவில் நிறங்களின் பட்டியலே இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்தவை 9. அரண்மனையிலேயே காய்ச்சியெடுத்தவை 9, புதிதாகச் சேர்த்தவை இன்னும் 9. வெளிநாட்டுப் பொடி வரும் என்று கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த நிலை அதோடு குறையத் தொடங்கியது. யோங்செங் காலத்துக் கறுப்பு எனாமலின் பளபளப்பை உங்களில் பலர் தனிப் பெட்டியில் வைத்துக் காட்டுகிறீர்கள். நிறம் காய்ச்சும் வேலையில் இருந்தவர்கள் என்று சோங் சீகே, தெங் பாகே பெயர்கள் பதிவேட்டில் உள்ளன. ஓவியம் தீட்டியவர்களில் ஸோவ் வென்யூ, தான் ரோங் பெயர்கள் உள்ளன. பேரரசருக்குப் பிடித்துப்போய் ஸோவ் வென்யூவுக்கு வெள்ளி பரிசு கொடுத்ததுகூடப் பதிவாகியிருக்கிறது.

இவர்களில் என் மனத்தை விட்டுப் போகாதவர் லின் சாவ்காய். காஸ்திலியோனேயின் மாணவர், எனாமல் தீட்டுபவர். நோய்ப்பட்டு, குவாங்டோங்குக்குத் திரும்பி உடம்பைத் தேற்றிக்கொள்ள அனுமதி கேட்டு மனுக் கொடுத்தார். போய்வரலாம், உடம்பு தேறியதும் மறுபடி வேலைக்கு வர வேண்டும் என்று அனுமதி கிடைத்தது. அவருக்கு நோய் எதனால் வந்தது என்று பதிவு சொல்லவில்லை, நானும் சொல்லத் துணியவில்லை. ஆனால் அந்த நிறப்பொடிகளில் ஈயம் இருந்தது. வெள்ளையில் ஆர்செனிக் இருந்தது. அதை நாள் முழுக்க அரைத்து, குழைத்து, மூக்குக்கு அருகே வைத்துத் தீட்டியவர்கள் அவர்கள். என் அப்பா இரவில் இருமும்போது எழுந்து உட்கார்ந்து பழகிய எனக்கு, அந்த மனுவை வெறும் ஆவணமாகப் படிக்க முடியவில்லை.

யோங்செங்குக்குப் பின் வந்த அவர் மகன் சியான்லோங்கின் காலத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குவாங்சோவுக்கு மாதிரிகளை அனுப்பி அங்கேயே செய்துவரச் சொல்லும் வழக்கம் பெருகியது. அங்கிருந்து கலைஞர்கள் அரண்மனைக்கும் வந்தார்கள். பொருள்களின் எண்ணிக்கையும் ஆடம்பரமும் கூடின. என் கண்ணுக்கு, காங்ஷியின் கடைசி வருடங்களிலும் யோங்செங்கின் 13 வருடங்களிலும் இருந்த அந்த நிதானம் பிறகு குறைந்துவிட்டது.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பதிவேட்டில் பெயர் இருக்கிறது, சரி, ஆனால் இந்தக் கிண்ணத்தை இன்னார்தான் செய்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியாதே, ஆதாரம் இல்லாமல் எப்படி எழுதுவது என்பீர்கள். நியாயமான தயக்கம்தான். ஒரு கிண்ணம் ஒருவர் கையில் முடிவதும் இல்லை. செம்பைத் தட்டியவர், நிறம் காய்ச்சியவர், தீட்டியவர், உலை பார்த்தவர், விளிம்புக்குத் தங்கமுலாம் பூசியவர் என்று பல பேர். நான் கேட்பது இன்னார்தான் செய்தார் என்ற தீர்ப்பை இல்லை. அந்த வருடங்களில் அந்தப் பணிமனையில் இருந்தவர்கள் இவர்கள் என்று எழுதுங்கள். அது உறுதியாகத் தெரிந்த செய்தி. பேரரசர் அந்தக் கிண்ணத்தை ஒருமுறையாவது கையில் எடுத்தாரா என்பதும் உறுதியில்லைதானே? அவர் பெயரை எழுதுகிறீர்கள்.

ஆவணம் கைக்கு எட்டவில்லை என்றும் சொல்ல முடியாது. அரண்மனைப் பணிமனைப் பதிவேடுகள் 2005இல் 55 தொகுதிகளாக அச்சாகிவிட்டன. உங்கள் நூலகங்களில் அவை இருக்கும். ஆய்வாளர்கள் இந்தப் பெயர்களைப் பற்றிப் பல வருடங்களாக எழுதி வருகிறார்கள். அந்தப் பெயர்கள் ஆய்வுக் கட்டுரையிலிருந்து நான்கு அடி நடந்து கண்ணாடிப் பெட்டிக்கு வர வேண்டும், அவ்வளவுதான். கட்டுரையை நூறு பேர் படிப்பார்கள். பெட்டிக்கு முன்னால் ஒரே நாளில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள்.

ஐரோப்பிய அருங்காட்சியகத்தாரிடம் கூடுதலாக ஒரு வார்த்தை. உங்களிடம் உள்ள அரண்மனைப் பொருள்களில் ஒரு பகுதி 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் யுவான்மிங்யுவான் அரண்மனையைக் கொள்ளையடித்தபோது வெளியேறியவை. கொடுத்தவர் பெயரை எழுதுகிற வரியில் அதையும் எழுதுங்கள். திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேச என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் இருக்கிறார்கள். வந்த வழியை மறைக்காமல் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. சில்லு பெயர்ந்த இடத்தை வெளிச்சம் படாத பக்கம் திருப்பி வைக்காதீர்கள். அன்று அந்த அருங்காட்சியகத்தில் மிளகு அளவுச் சில்லு எங்கள் பக்கம் இருந்ததால்தான் செம்பும் வெள்ளையும் மஞ்சளும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அப்பா எனக்குப் பாடம் எடுத்ததும் அதை வைத்துத்தான். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர், மொழி புரியாவிட்டாலும், அவர் விரல் காட்டிய இடத்தை எட்டிப் பார்த்தார்கள்.

குறிப்பு எப்படி இருக்கலாம் என்று அப்பாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். உங்கள் பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் இடமே இதற்குப் போதும்.

‘கிண்ணம். செம்பின்மேல் தீட்டிய எனாமல். இளஞ்சிவப்பு நிறம் தங்கத்தால் ஆனது. காங்ஷி பேரரசரின் ஆணைப்படி, அவர் ஆட்சியின் பிற்பகுதியில், பெய்ஜிங் அரண்மனைப் பணிமனையில் செய்தது. 1716 முதல் இந்தப் பணிக்கு வந்தவர்கள்: குவாங்டோங்கிலிருந்து வந்த பான் சுன், அவருடைய சீடர்கள் ஹுவாங் ருய்ஷிங், ருவான் ஜியாயூ, மற்றும் யாங் ஷிஜாங். 1719 முதல் பிரான்சைச் சேர்ந்த கிராவெரோ. பெயர் பதிவாகாத செம்புக் கொல்லர்கள், உலைக்காரர்கள்.’

கடைசி வரி அப்பா சேர்க்கச் சொன்னது.

இப்படிக்கு,
எனாமல் பட்டறை உலைக்காரர் ஒருவரின் மகள்
சென்னை